வீடு ஜாக்கியில் நிற்கிறது

ஆரல்வாய்மொழி தாண்டும்போது
மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினான்.
கியர் கம்பி கையோடு வந்தது,
ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி.
மலையோரம் காற்றாலைகளும் நின்றிருந்தன.
சீசன் முடிந்துவிட்டதாம்.
அன்றைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

பழைய ஸ்கூல் வேன்.
பதினெட்டு சீட்டைக் கழற்றி எறிந்து
கட்டில் போட்டு, சிங்க் வைத்து,
கூரையில் இருநூறு லிட்டர் தண்ணீர் ஏற்றி
வீடு என்று பெயர் வைத்தோம்.
பின்பக்கம் இன்னும் மங்கலாகத் தெரியும்
‘பள்ளி வாகனம்’.
கயிறு கட்டி இழுத்துப்போன டாரஸ் டிரைவர்
‘பிள்ளைங்கள எங்க?’ என்றார் சிரித்துக்கொண்டே.
இளஞ்சேரன் பதில் சொல்லவில்லை.
நானும்.

பார்வதிபுரம் பாலத்துப் பக்கம் டெல்லஸ் ஒர்க்‌ஷாப்.
குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.
‘கிளட்ச் பிளேட்டு கரிஞ்சு போச்சு.
கேபிளும் போச்சு.
நாளைக்கு எடுத்துரலாம்.’

நாளைக்கு என்பது
எந்தக் கிழமை என்று அவர் சொல்லவில்லை.
திருநெல்வேலியில் பிளேட் இல்லை.
மதுரையில் இருந்தது வேறு மாடல்.
கோயம்புத்தூரில் கிளம்பியது
வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.
அன்றைக்குக் கோட்டாறு சவேரியார் திருவிழா,
மாவட்டத்துக்கே லீவு.
பார்சல் ஆபீஸ் ஷட்டரின் இடுக்கு வழியே
அதைப் பார்த்தேன்:
பழுப்பு அட்டைப்பெட்டி,
என் பெயர், எழுத்துப்பிழையோடு.

அதுவரை வீடு ஜாக்கியில் நின்றது,
மூக்கைத் தூக்கிக்கொண்டு.
தோசை மாவு கல்லில் ஒரு பக்கமாக ஓடிக்
கேரளா மேப் ஆனது.
ராத்திரி, தகரத்தில் மழை.
பேசாமல் படுத்தாலும்
சரிவில் அவன் உருண்டு என்மேல்தான் வந்தான்.
தள்ளிவிட்டால் மறுபடி வந்தான்.

மூன்றாம் நாள் சண்டை.
யாருடைய யோசனை இது,
முதலில் வேலையை விட்டது யார்,
யாருடைய எல்.ஐ.சி.யை உடைத்து
இந்தச் சனியனை வாங்கினோம், எல்லாம்.
‘உனக்காகத்தான்’ என்றான்.
‘எனக்காகவா?’ என்றேன்.
சொல்லவே கூடாத அடுத்த சொல்
இரண்டு வாயிலும் தயாராக இருந்தது.

சிங்க்குக்கு நேர் கீழே, தரைக்கு அடியில்,
யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.
‘யக்கா, அந்தப் பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர
இஞ்ச எடுத்துத் தருவியளா?’

எவ்வளவு நேரமாகப் படுத்திருந்தாரோ.
இறங்கிக் குனிந்து கொடுத்தேன்.
கிரீஸ் கை மட்டும் வெளியே வந்தது,
தடவிப் பார்த்தது.
‘இது பதினாலு-பதினஞ்சு’ என்று
திருப்பிக் கொடுத்தது.
இளஞ்சேரன் சிரித்துவிட்டான்.
எனக்குக் கோபம் தீரவில்லை,
சிரிக்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

சனி சாயங்காலம் வீடு தரைக்கு வந்தது.
ஒன்று விழுந்தது, இரண்டு, மூன்று,
நான்கு வழுக்கிக்கொண்டு விழுந்தது.
பத்தொன்பதாயிரத்து நானூறு.
‘நானூற விடுங்க’ என்றார் டெல்லஸ்,
பெரிய மனசோடு.

நேராகக் கடலுக்கு என்றான்.
கீழமணக்குடியில் ஒரு சந்து,
காயப்போட்ட வலைகளுக்கு நடுவே
மணல் தொடங்கும் இடம் வரை வெண்ணெயாகப் போனது.
தோசை வட்டமாக வந்தது.
டீ குடித்தோம், இன்னொன்றுக்கும் அடுப்பில் வைத்தோம்.
கிளம்பலாம் என்றபோது
ரிவர்ஸ் விழவில்லை.

போனில் டெல்லஸ் கொஞ்சநேரம் யோசித்தார்.
‘ரிவர்ஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட்டும் நீங்க சொல்லலியே யக்கா.
செரி, நாளைக்கு வாறேன்.’

வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த ஆறுபேர்
கேட்காமலே வந்தார்கள்.
‘இதும் ஒரு வள்ளந்தான மக்கா, தள்ளு.
யக்கா, நீங்க வளையத்தப் பிடிங்க.’

பிடித்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே,
ஏழாவது ஆளாக இளஞ்சேரன்.
கன்னத்தைத் தகரத்தில் அழுத்தி,
நரம்பு புடைக்க,
என்னையே பார்த்துக்கொண்டு
என்னைப் பின்னுக்குத் தள்ளினான்.
அவன் தலைக்குப் பின்னால் கடல்
கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது.

உள்ளே அடுப்பில் வைத்த டீ
தளும்பிக் கொட்டும் சத்தம்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.