ஐம்பது சொல்லுக்கு இடம்

குஷிரோ துறைமுகத்தில் மூடுபனி இறங்கினால்
எதிரே நிற்கும் கிரேன்கூடக் கண்ணுக்குத் தெரியாது.
அப்படியொரு நாளில்தான்
நிஷிகோரியின் பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கி
இதை வாங்கினேன்.
கையடக்க மின்னகராதி. ஆயிரத்து இருநூறு யென்.
கீலில் விரிசல்.
மூடியில், பெயர் எழுதிப் பிய்த்தெடுத்த தாளின் பசை.
பேட்டரியோடு தருகிறேன் என்றான், பெரிய தர்மவான்.

மீன்சினைக்கு எடை பார்ப்பது என் வேலை.
நார்வேக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது
தொகாரி ஓய்வு பெற்றதும்
என் தலையில் வந்து விழுந்தது.

முதல் நாளே பத்துச் சொல் தேடினேன்.
பெட்டி, கசிவு, எடைக்குறைவு, கையொப்பம், இப்படி.
ஓரத்தில் ஒரு பொத்தான்: 'முன்பு தேடியவை'.
தெரியாமல்தான் விரல் பட்டது.

என் பத்துக்குக் கீழே
இன்னொருத்தியின் நாற்பது.

ஒருத்தி என்று எப்படித் தெரியும்?
தெரியாது. அப்படித்தான் வாசித்தேன்.
அடியிலிருந்து மேலே:
உப்பில்லாத. வீக்கம். கணுக்கால். சிறுநீரகம்.
நடுவில் வாடகை முன்பணம்,
திருப்பித் தரத்தக்க,
ஒத்திப்போடு,
ஒருவழிப் பயணச்சீட்டு.
அப்புறம் 'தனியாக'.
அதோடு விடாமல் ஒத்தசொல் பொத்தானையும் அழுத்தியிருக்கிறாள்.
தன்னந்தனியாக. ஒண்டியாக. துணையின்றி.
கடையில் சட்டை போட்டுப் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து
எதுவும் தோளில் சரியாக உட்காராமல்
கடைசியாக 'கரண்டி' என்று தேடியிருக்கிறாள்.

ஏன் கரண்டி?
இரண்டு நாள் அதே யோசனை.
தராசு முள்ளைப் பார்க்க மறந்து
மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் உறைத்தது.
இயந்திரத்தில் ஐம்பது சொல்லுக்குத்தான் இடம்.
நான் ஒன்று தேடத் தேட
அடியிலிருந்து அவளுடையது ஒன்று உதிர்ந்திருக்கிறது.
ஒண்ட வந்த சொல் ஊர்ச்சொல்லை விரட்டியிருக்கிறது.
பத்து போய்விட்டது.
'கசிவு' என்று தட்டியபோது
எது கசிந்து போயிற்றோ.

"மீதியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளேன்" என்றாள் மிசுஸு.
எழுதினேன்.
காகிதத்தில் அது மளிகைப் பட்டியல்.

பிறகு ஒரு சூட்சுமம் பிடிபட்டது.
பட்டியலில் இருப்பதையே மறுபடி தேடினால்
அது மேலே ஏறிக்கொள்ளும், எதுவும் உதிராது.
அன்றிலிருந்து நார்வேக்கு
அவள் சொற்களிலேயே எழுதினேன்.
புளித்துப் பொங்கிய சினைக்கு 'வீக்கம்'.
நிறம் கறுத்திருந்தால் 'சிறுநீரகம் போல'.
கப்பல் தாமதமா, 'ஒத்திப்போட்டீர்கள்'.
நூறு பெட்டி கேட்டு ஒரு பெட்டி வந்த அன்று
'துணையின்றி வந்து சேர்ந்தது' என்று எழுதி
எனக்கே ஒருமாதிரி இருந்தது.
கரண்டியைக்கூட ஒரு தரம் நுழைத்துவிட்டேன்,
சினை அள்ளிப் பார்த்ததாக.

மார்ச் கடைசியில் ட்ரோம்சோவிலிருந்து ஃபாக்ஸ்.
ஐவிண்ட் என்று கையெழுத்து.
விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
இரண்டே வரி,
நடுவில் எனக்குத் தெரியாத நீளமான ஒரு சொல்.

தொகாரிக்குப் போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அடியில் கிடந்தது 'உப்பில்லாத'.
விடிந்தால் உப்பிலேயே ஊறுகிற என் பிழைப்பில்
அதற்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை.
அதைப் பார்த்தபடியே
எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.

'துக்கம் விசாரித்தல்.
இறந்தவர் வீட்டாருக்குச் சொல்லும் ஆறுதல்.'

ஒலிப் பொத்தானை அழுத்தினேன்.
ஒரு நாளும் சளி பிடித்திராத பெண்குரல்
அந்தச் சொல்லை ஒருமுறை சொன்னது.
இன்னொரு முறை அழுத்தினேன்.

வெளியே மூடுபனிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.
ஐவிண்டுக்குப் பதில் போட வேண்டும்.
'நன்றி' எனக்குத் தெரியும்.
தேட வேண்டாம்.