பொக்கற் இல்லாத காற்சட்டை

பயிலுநருக்கு இரண்டு சோடி உடுப்பு.
இரண்டாவது சோடிக்குச் சம்பளத்தில்
மூன்று தவணையாய்க் கழிப்பார்களாம்.
கையெழுத்து வைத்தேன்.

மங்கல் நீலச் சேட்டு.
தோளில் பட்டி கோர்க்கும் கண்ணி இருக்கிறது,
பட்டி இல்லை.
உத்தியோகத்தர்களுக்கு அதில் இரண்டு வெள்ளிக் கோடு.
பெயர்த்தகடு மூன்று மொழியில்.
சிங்களத்தில் சரி, ஆங்கிலத்தில் சரி,
தமிழில் மட்டும்
கஜந்தினியின் கடைசி எழுத்துக்கு ஒரு சுழி அதிகம்.

இடுப்பு முப்பத்தாறு என்று
கொழும்பில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.
பின்னால் மடித்துப் பிடிக்க மூன்று ஊசி.
ஸ்கேனர் வாசலுக்குள் நடந்தால்
முதலில் கத்துவது எனக்குத்தான்.

ஹிபானாவின் தலைத்துணிக்குப் படிவத்தில் இடமில்லை.
ஏறாவூரில் நாலு கடை ஏறி
ஒரு நீலம் பிடித்து வந்தாள்.
டியூப் வெளிச்சத்தில் சேட்டோடு சேர்ந்த நீலம்,
ஓடுபாதைப் பக்கம் வெளியே வந்தால்
வேறு நீலம்.
"வெயில்ல நிக்கவேணாம்" என்று
களஞ்சியக்காரர் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

காற்சட்டையில் பொக்கற் மாதிரி ஒரு வெட்டுத் தையல்.
கையை விட்டால் போகாது.
பயணியின் பொருள் ஒரு குண்டூசிகூட
உங்களிடம் தங்கக்கூடாது, அதுக்குத்தான்,
என்றார் பயிற்றுநர்.
பஸ்காசு காலுறைக்குள் இருக்கிறது எனக்கு.
குனிந்து எடுக்கும்போது
கொண்டக்டர் ஒவ்வொரு நாளும் முகம் சுளிக்கிறான்.

அம்மா அதை மணக்க மணக்கத் துவைப்பாள்.
காயப்போடுவதுதான் வில்லங்கம்.
முற்றத்துக் கொடியில் போட்டால்
றோட்டிலிருந்து பார்க்கிறவர்கள்
யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைப்பார்களாம்.
"இப்ப ஆரம்மா நினைக்கப்போறா?"
"நான் நினைப்பன்கா."
இரவில், அறைக்குள், ஃபேனுக்குக் கீழே
கதிரையில் விரித்து வைக்கிறாள்.
விடிய எழும்பி லைற் போடாமல் போனால்
ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்,
தலையில்லாமல்.

பயிற்சியின் ஒன்பதாம் நாள்
ஒருவர் பயணி, ஒருவர் பரிசோதகர்.
தில்ஹானி சோதிக்க, நான் நின்றேன்.
கால் அகலம், கை தோள் உயரம்,
உள்ளங்கை மேலே, கண் எதிர்ச்சுவரில்.
கட்டளை வருமுன்னே.
"பாருங்க, இப்பிடித்தான் நிக்கணும்" என்று
வகுப்பையே திருப்பிக் காட்டினார்.
"எங்க பழகினீங்க?"
வலையிறவுப் பாலத்தடியில், சேர்,
ஆறு வயதில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு,
பாண் வாங்கப் போகையிலும் வருகையிலும்.
சொல்லவில்லை.
"யூடியூப்பில்" என்றேன்.
சிரித்தார்கள். தில்ஹானி சிரிக்கவில்லை.
அவளின் கை என் முழங்கையில்
தேவைக்கு மேல் ஒரு நொடி நின்றது.
உகனையிலும் சாவடி இருந்திருக்கும்,
நான் கேட்கவில்லை.

விமானம் புதன்கிழமை வந்தது. சின்னது.
பதினொரு பேர், வாய் கிழிந்த ஒரு பெட்டி,
அரைக்கிலோ கஜு.
கடைசியாய் ஒரு பெண்,
மகனைப் பார்க்க முதல்முறை பறக்கிறா.
என் தகட்டை எழுத்துக்கூட்டி வாசித்தா,
அந்தச் சுழியையும் சேர்த்து.
"நீ ஆர்ர புள்ளகா?"
கேள்வி நான்தான் கேட்கவேண்டும், அக்கா.
ஆனாலும் சொன்னேன்.
அப்பாவின் பெயரைக் கேட்டதும்
கைப்பையைத் துழாவி
ஒரு இஞ்சி டொபி என் கையில் வைத்தா.
வேறொன்றும் சொல்லவில்லை.

வலது கை தன்பாட்டில் தொடைக்கு இறங்கி
தையலில் முட்டி நின்றது.
கெமரா பார்க்கிறது. ஹிபானா பார்க்கிறாள்.
டொபியைத் தட்டில் வைத்தேன்.
தட்டு உள்ளே போனது.
திரையில் கச்சான் பருப்பளவு ஒரு செம்மஞ்சள் நிழல்
நகர்ந்து நகர்ந்து
மறுபக்கம் வெளியே வந்தது.
அவ எடுக்காமல் போய்விட்டா.

பின்னேரம் வரை அங்கேயே கிடந்தது.
பொக்கற் இருந்திருந்தால்
எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.