மேகம், எத்தனை டன்

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
லோரி ஏறும், எண் நடுங்கி நிற்கும், எழுதுவேன்.
கணினி இருக்கிறது. இருந்தும்
மின்சாரத்தை நம்பாத மேனேஜர்
நீல அட்டை நோட்டிலும் எழுதச் சொல்கிறார்:
குலை எத்தனை டன், இன்றைய விலை,
மழை எத்தனை மில்லிமீட்டர்,
பம்ப் வீட்டுக் கம்பத்தில்
ஆறு எந்தக் கோட்டைத் தொடுகிறது.

பாபிலோனில் ஒருவன்
இதே நோட்டை ஈரக் களிமண்ணில் எழுதினான்.
நிலா எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை முழம் தள்ளி,
வியாழன் எந்த மாலையில் காணாமல் போனது,
ஒரு வெள்ளிக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு பேரீச்சை, எவ்வளவு எள்,
யூப்ரட்டீஸ் எத்தனை விரல் ஏறியது.
எள் என்று படித்ததும்
ஆள் நமக்குத் தெரிந்தவன்தான் என்று பட்டது.

பாரசீகன் வந்தான், கிரேக்கன் வந்தான்,
நோட்டு மூடப்படவில்லை.
எங்கள் கேட்டிலும் மூன்று முறை கம்பெனிப் பெயரை மாற்றினார்கள்.
பெயிண்ட் மட்டும் புதிது,
மேடை அதே மேடை.

மூடிய வானத்துக்கு அவனிடம் ஒரு வரி இருந்தது:
"மேகம். நான் பார்க்கவில்லை."
அறுநூறு வருஷம்
கை மாறிக் கை மாறி
யாரும் பார்த்ததாகப் பொய் எழுதவில்லை என்றே
நம்ப விரும்புகிறேன்.

இன்று சந்திர கிரகணம். மேனேஜர் லீவு.
அவருடைய சுழல் நாற்காலியில் நான்.
அந்த ஊரில் கிரகணம் கெட்டதென்றால்
ராஜா ஒளிந்துகொள்வார்.
அரியணையில் ஒரு தோட்டக்காரனையோ கைதியையோ உட்கார வைத்து
கேடு அவன்மேல் இறங்கியதும்
அவனையும் முடித்துவிடுவார்கள்.
சொன்னேன். ரஃபீக்குல் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்:
"அக்கா, நாற்காலியை விட்டு எழுந்திருங்க!"
பதினோரு டன் நானூற்றிருபது கிலோ.
அடுத்த லோரி வர நாற்பது நிமிஷம்.

அந்த நாற்பது நிமிஷத்தில்
நான் தூரமாகப் போய்விட்டேன்.
பத்தாயிரம் கோடி ஆண்டில்
தூரத்துப் பால்வீதிகள் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டிப் போய்விடும்,
திரும்பி வரும் லோரிகள் அல்ல அவை.
நூறு லட்சம் கோடி ஆண்டில்
கடைசிச் சிவப்பு விண்மீனும் அணைந்து
செத்த நட்சத்திரமொன்றின் மிச்சச் சூட்டைச் சுற்றி
யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.
நம்மைப் போல் இருக்க மாட்டார்கள்.
எரிபொருளை மிச்சம் பிடிக்க
மெதுவாக,
ஓர் எண்ணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஆயிரம் ஆண்டு தூங்கி எழுந்து யோசிப்பார்கள்.

அங்கேயும் ஒரு கிராணி இருப்பாள்.
அன்றைய சூட்டின் விலையை எழுதுவாள்.
பிறகு வானத்துக்கான கட்டம்.
மேகம் செய்ய அங்கே தண்ணீர் ஏது?
அவள் எழுத வேண்டியிருக்கும்:
"தெளிவு. நான் பார்த்தேன்.
ஒன்றுமில்லை."

வெளியே வந்தேன்.
கொதிகலன் புகை, அதற்குமேல் மழை மேகம்,
அதற்குமேல் எங்கோ
சிவந்துகொண்டிருக்கும் நிலா.
நாய் ஒன்று எடைமேடையில் ஏறியது,
எண் அசையவில்லை.

நோட்டில் நிலாவுக்குக் கட்டம் இல்லை.
லோரி நம்பர் வரிசையிலேயே எழுதினேன்:
மேகம். பார்க்கவில்லை.
எழுதும்போது ஏனோ
பெரிய பணக்காரியைப் போல இருந்தது.

காலை எட்டு மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து
துளசிதரன் கூப்பிட்டார்:
"மேகம்னு ஒண்ணு போட்டிருக்கியேம்மா,
யாரு லோரி? எத்தனை டன்?"

இன்னும் இறங்கலைங்க, என்றேன்.