ஆசிட் குடிக்காதவன்

குலசேகரம் ஆஸ்பத்திரியில்
என்னைக் கட்டிலில் கிடத்தியபோது
எனக்கு நல்ல பசி.
"எடே மக்கா, போட்டோ எடுத்து முடியட்டு,
புரோட்டாவும் பீஃபும் வாங்கித் தாறேன்"
என்றார் ரசலையன்.
மெட்ராசில் பி.ஆர்.ஓ. ரசல்.
குளுக்கோஸ் பாட்டிலை இடப்பக்கம் தள்ளச் சொன்னார்,
முகம் மறைகிறதாம்.

முந்நூறு ரூபாய்.
மார்த்தாண்டத்துக்குப் படப்பெட்டி வராத ஆத்திரத்தில்
ரப்பர் ஆசிட் குடித்த ரசிகன் நான்.
ஜெபசிங், வயது பத்தொன்பது.
எனக்குப் பதினேழுதான்,
இரண்டைக் கூட்டியது அவர்.

மூன்றாம் நாள் நாயகன் வந்தார்.
நெற்றியில் கை வைத்தார்.
ரசலையன் கண்ணைக் காட்ட
நான் அழுதேன்.
நிஜமாகவே அழுதேன்,
அதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.
படம் நூறு நாள் ஓடிற்று.

அப்புறம் அவர் எங்கெங்கோ போனார்.
ஒரு நடிகைக்கு
அவளுக்கே தெரியாமல் கல்யாணம் முடித்தார்.
இன்னொருத்திக்கு இல்லாத கருவைக் கலைத்தார்.
மறுப்பு அறிக்கையையும் தானே எழுதி
இரண்டுக்கும் கூலி வாங்கினார்.
கோர்ட் வாசலில் யாரோ செருப்பை வீசியபோது
அதுவும் அண்ணன் ஏற்பாடுதான் என்று
கருங்கலில் அவர் தம்பி சொல்லிச் சிரித்தான்.

நான் இங்கேயே கிடந்தேன்.
நாலு பெண்வீட்டார் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள்:
"ஆசிட் குடிச்ச பயலா?"
ஐந்தாவதாக லில்லிபாய்.
குடிக்கவேயில்லை என்று முதலிரவிலேயே சொன்னேன்.
"செரி" என்றாள்.
இருபத்தெட்டு வருஷமாக
பால் உறையவிடும் ஆசிட் கன்னாசை
அலமாரியில் பூட்டி
சாவியைத் தாலிச்செயினில் கோர்த்திருக்கிறாள்.

நேற்று ராத்திரி டிவியில் ரசலையன்.
முடி கொட்டி, வாய் ஒருபக்கம் கோணி.
செய்ததில் எது உறுத்துகிறது என்று கேட்ட பெண்ணிடம்
வெகுநேரம் பேசவில்லை.
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
மனசுக்குள் பத்துவரை எண்ணணும் என்று
எனக்கும் சொல்லித் தந்திருந்தார்.
பிறகு:
"குலசேகரத்தில் ஒரு பையன்.
பத்தொன்பது வயசு.
பிழைக்கலை."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்த லில்லிபாய்
கத்தியை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்,
தலைமுதல் கால்வரை,
சந்தையில் மீன் பார்ப்பதுபோல.
ஒன்றும் சொல்லவில்லை.

இன்று பால் வெட்டி முடித்து
வாளியோடு வந்தால்
ஷீட் அடிக்கும் மிஷின்மேல்
சாவி.
அடுக்களையிலிருந்து குரல்:
"நீங்களே அளந்து ஊத்துங்க.
எனக்குச் சாளை வெட்டணும்."