நூற்றுப் பன்னிரண்டாம் எண்

செவ்வாய்ப்பேட்டையில் டச் பார்க்கும் கடையில்
ஆறு வருஷமாக மிஷினுக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
கொலுசைத் தட்டில் வைப்பேன், மூடுவேன்,
முப்பது விநாடியில் எண் வரும்.
அறுபத்திரண்டு என்று வந்தால் அறுபத்திரண்டுதான்.
எண்பது என்று சொல்லி விற்றவனை
அப்புறம் அவர்கள் போய்த் திட்டிக்கொள்வார்கள்.
ஒன்று மட்டும் மிஷின் இல்லாமலே தெரிந்துகொண்டேன்:
கேட்கும் முன்னே சத்தியம் செய்கிறவர் கொலுசில்
செம்பு கொஞ்சம் கூடுதல்.

போனில் வந்த அந்த ஓவன் கடையில்
நூறு சதவீதம் ஒரிஜினல் என்று ஏழு இடத்தில் இருந்தது.
எண்ணினேன். எண்ணிவிட்டும் மூடவில்லை.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கோடு போட்டு அடித்து
கீழே இரண்டாயிரத்து நூறு.
இன்னும் பத்து நிமிடம்தான் என்று
சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடியது.
பத்து முடிந்ததும் மறுபடி பத்து.

பிள்ளைகள் தூங்கிய பிறகு
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வயர் முனையில் இரண்டு தட்டைக் கம்பி;
நம் வீட்டு ஸ்விட்ச் போர்டில் எந்த ஓட்டையிலும் நுழையாது.
நாற்பத்தொரு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள்,
நாற்பத்தொரு பேரும் ஒரே செவ்வாய்க்கிழமையில்.
ஒருத்தி ஓவனைப் பற்றி எழுதியிருந்தாள்:
“துவைத்தும் சாயம் போகவில்லை, மிக்க மகிழ்ச்சி.”
சிரித்தேன்.
ஆனாலும் சமையல் மேடையில்
மிக்ஸிக்கு இடதுபக்கம் சாண் போட்டு அளந்தேன்.
இரண்டரைச் சாண். இடம் இருக்கிறது.
ஞாயிறுதோறும் கேக் போட்டு விற்கலாம் என்று
எனக்கு ஒரு கணக்கு.

கடைசியில், எறும்பு எழுத்தில், முகவரி:
112, கொப்பரைக்காரர் தெரு, செவ்வாய்ப்பேட்டை.
என் கடையிலிருந்து மூன்றாவது தெரு!

மத்தியானம் டப்பாவைத் திறக்காமல் கையோடு எடுத்துப் போனேன்.
முப்பத்தாறு மளிகை கோடவுன்.
முப்பத்தேழில் பருப்பு மூட்டை தைக்கிறார்கள்.
முப்பத்தெட்டில் பூட்டிய கதவு, ஒரு நாய்.
அதோடு தெரு முடிந்து திருமணிமுத்தாறு,
கறுப்பாக, நுரையோடு, அவசரமில்லாமல்.
இன்னும் எழுபத்து நான்கு வீடு கட்ட வேண்டும்,
ஆற்றின் மேல்.

சுவரோரம் ஒரு பையன், மழைக்கோட்டை மடித்த கையோடு,
போனையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
“அக்கா, நூத்திப் பன்னெண்டு எங்கே?”
ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் நாகலூர்.
காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசியும் இறங்கி வந்திருக்கிறான்.
புல் வெட்டும் மிஷினுக்கு நாலாயிரத்து ஐந்நூறு
பன்னிரண்டு நாளைக்கு முன்பே கட்டிவிட்டான்.
பெயர் ஜெபமாலைராஜ்.
மிஷினை நம்பி இரண்டு எஸ்டேட்டில்
வேலையும் பேசிவிட்டானாம்.

கடையில் எண்ணைச் சொல்ல எனக்கு யோசனையே வராது.
மிஷின் காட்டும், நான் வாசிப்பேன்.
இங்கே நான்தான் சொல்ல வேண்டும்.
“அக்கரையில இருக்குமாக்கா?” என்றான்.
இருக்காது என்று தெரியும்.
பாலம் ஏறி அவனோடு அக்கரைக்குப் போனேன்.
அங்கே தெருவுக்கு வேறு பெயர்.
வெல்ல மண்டிக்காரர் ஒருவர் நாங்கள் வாய் திறக்கும் முன்னே
கையை விரித்தார்: “இந்த வாரம் நீங்க ஆறாவது ஆளு.”

1930-க்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன்.
கட்டிய தேதி, நேரம், அந்த நீளமான எண்,
எல்லாம் குரல் உடையாமல் சொன்னான்.
பன்னிரண்டு நாளாச்சே, என்றார்கள் அந்தப் பக்கம்.
எலுமிச்சை சாதத்தைப் பாலத்துச் சுவரில் வைத்து
ஆளுக்குப் பாதி.

இரவு அந்தக் கடையைத் திறந்தேன்.
அழிக்கத்தான் திறந்தேன்.
இன்னும் பத்து நிமிடம்தான் என்றது.
நாற்பத்திரண்டாவது ஆள் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்,
இன்று மத்தியானம், நாங்கள் பாலத்தில் நின்ற நேரத்தில்:
“பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது.”

மிக்ஸிக்கு இடதுபக்கம், அந்த இரண்டரைச் சாணில்,
டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.