மூன்று பேரைச் சேர்த்தால்

கல்முனைப் பொலிஸில் ஒரு நீள வாங்கு.
ஆடு தொலைத்த ஒருவர், அடுத்தது நான்.

என்ன களவு போனது?
படிப்பு என்றேன்.
பேனையை நிறுத்தி நிமிர்ந்தார் சார்ஜன்.
ஆறு மாத டிப்ளோமா, கணக்கியல்.
முப்பத்தெட்டாயிரம், இரண்டு தவணை,
இரண்டாவது என் காதுப்பூவை அடகு வைத்தது.
அது தேவையில்லை என்றார்.
எழுதுங்கள் என்றேன்.

எதையும் அழிக்காதே என்றிருந்தான் தம்பி.
வங்கித் துண்டு இருந்தது:
கல்லூரிக்கு ஒரு பெயர், கணக்குக்கு வேறொரு பெயர்.
அன்றைக்கே கண்ணில் பட்டதுதான்.
"இன்று நள்ளிரவோடு சலுகை முடிகிறது" என்ற வரி
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.
குரல் பதிவு பதினொன்று,
ஒவ்வொன்றிலும் "தங்கச்சி".
சிவப்பு முத்திரையோடு சான்றிதழ்,
முதல் பாடத்துக்கு முன்பே வந்தது.
அப்போதும் எனக்குப் பெருமைதான்;
கண்ணாடிச் சட்டத்துக்கு விலை கேட்டேன்.

ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.
"என்ட ஆட்டுக்குக் காதுல வெட்டு அடையாளம் இரிக்கி மகள்.
ஒண்ட களவுக்கு?"

முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு கிடைத்தது.
அந்தப் படிப்பால் எனக்கு வந்த
மெய்யான தாள் அது ஒன்றுதான்.

வேறு யாரும் மாட்டினார்களா?

மின்விசிறி சுற்றியது.

மூன்று பேரைச் சேர்த்தால் நாலாயிரம் கழிவு.
சேர்த்தேன்.
சம்மாந்துறையில் மாஹிரா,
ஒலுவிலில் பஸ்லியா,
டியூஷனில் என் வாங்கில் இருந்த ஹேமலோஜினி.
"நல்ல படிப்புடி, நானே சேர்ந்திருக்கன்"
என் குரல், கடைசியில் என் சிரிப்பு.
பன்னிரண்டாவது பதிவாக
அதையும் போட்டுக் காட்டினேன்.
சார்ஜன் இரண்டு தரம் கேட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழைத்தேன்.
பஸ்லியா இரண்டாம் தவணை இன்னும் கட்டவில்லை,
அல்ஹம்துலில்லாஹ்.
மாஹிரா ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.
ஹேமலோஜினி எடுக்கவேயில்லை.

நிந்தவூருக்கு டிக்கெட் எடுத்தவள்
காரைதீவில் இறங்கினேன்.
மஃரிபுக்குச் சற்று முந்திய வெளிச்சம்.
ஜன்னலுக்குள் அவள், புதுக் கொப்பி,
சீனிப் போத்தலில் சாய்த்த போன்.
நிறுத்தி நிறுத்தி எழுதுகிறாள்,
பற்று, வரவு,
பற்று, வரவு என்று வாய்க்குள் சொல்லி.
ஓரக்கோட்டை அடிமட்டம் வைத்துச் சிவப்பில் போட்டிருக்கிறாள்.

படலையில் கை வைத்தேன்.
நாய் குரைத்தது.

"யாரது?" என்றாள்,
கொப்பியை விட்டுத் தலை நிமிராமல்.