ஐஸ் போடாத பெட்டி

கொட்பேயில் இரவு எட்டரைக்கு லொறி நிறைந்தது.
அறுக்குளா நாநூறு கிலோ, பாரை, கொஞ்சம் சூரை.
அடியில் ஐஸ், நடுவில் ஐஸ், மேலே ஐஸ்.
பத்தொன்பது வருசமாக எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்:
கெடுவதைக் குளிரில் வை.

இன்றைக்கு முன் சீற்றில் ஒரு பெட்டி.
உள்ளே இரண்டு ரியூப், என் மனைவியின் இரத்தம்.
"ஐஸ் வைக்கக் கூடாது" என்றார் ஆஸ்பத்திரி மிஸி.
நான் மீன்காரன் என்று மணத்திலேயே பிடித்து
மூன்று தரம் சொன்னார்.
"குலுங்கவும் கூடாது."
கந்தளாய் தாண்டி வரும் பள்ளங்களை அவர் கண்டதில்லை.
சீற் பெல்ற்றைப் பெட்டிக்குப் போட்டேன்.

போன வருசம் நெஞ்சுக்குள் ஊசி விட்டு
ஒரு துண்டு சதை எடுத்தார்கள்.
காற்றுக் கசிந்து, நுரையீரல் சுருங்கி,
விலாவில் குழாயோடு ஆறு நாள் கிடந்தாள் பிலோமி.
அவள் புகைத்தவள் இல்லை. புகைத்தவன் நான்.
இதை ஒருவரும் என்னிடம் சொல்வதில்லை,
அதனால் எந்நேரமும் கேட்கிறது.

குளிசை பதினொரு மாதம் வேலை செய்தது.
பிறகு படத்தில் ஒரு நிழல் தடித்தது.
"கட்டி வேசம் மாத்தியிருக்கலாம்.
என்ன வேசமெண்டு தெரிஞ்சால் குளிசையை மாத்தலாம்"
என்றார் டொக்டர் சிஹானா.
"திரும்பவும் நெஞ்சிலயா?" பிலோமியின் கை விலாவுக்குப் போனது.
"இல்லை, கையில இருந்து இரத்தம் மட்டும்.
கட்டி சாகச் சாகத் தன்ர எழுத்தை
இரத்தத்தில உதிர்க்கும். பொடிப்பொடியா."

எனக்கு உடனே விளங்கியது.
வள்ளம் கழுவிய தண்ணியிலிருந்து
ஒரு செதிலை எடுத்துத் தாருங்கள்,
மீனைச் சொல்கிறேன்.
டொக்டர் சிரித்தார். சிரிப்பை நிறுத்தி,
"ஆனால் செதில் அகப்படாட்டி
மீன் இல்லையெண்டு ஆகாது" என்றார்.
அதுவும் தெரிந்ததுதான்.
வெறும் வலை இழுத்த காலையில்
கடல் காலியென்று எவன் சொன்னான்?

ஹபறணைக் காட்டில் ஒற்றை யானை, நடு ரோட்டில்.
லைற்றை அணைத்துக் காத்திருந்தேன்.
பின்னால் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்.
பக்கத்தில் அவள், இருபது மில்லிலீற்றர்,
ஒரு சத்தமும் இல்லை.

விடிய நாலுக்குப் பேலியகொடை.
ஏழரைக்கு லாப் வாசலில் காவல்காரன்
மூக்கைப் பொத்தியபடி லொறியைத் தள்ளி நிறுத்தச் சொன்னான்.
ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதுபோல்
இரண்டு கையிலும் ஏந்திப் படியேறினேன்.
அங்கிருந்து அது பிளேன் ஏறியது. நான் இன்னும் ஏறவில்லை.

பன்னிரண்டாம் நாள் தாள் வந்தது: அகப்படவில்லை.
அக்கா ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினாள்.
பிலோமி கொளுத்தவில்லை.
"படத்தில நிழல் இருக்கு, தாளில இல்லை.
ரெண்டில ஒண்டு பொய்" என்றாள்,
மீன் கணக்குக் கொப்பியை மூடிக்கொண்டே.

ஐந்து கிழமை கழித்து மறுபடி இரண்டு ரியூப்,
மறுபடி சீற் பெல்ற்.
முடிவு வந்த நாள் ஆஸ்பத்திரி மதிலோரம்
மான் ஒன்று நின்று
யாரோ எறிந்த ரிப்போட் உறையைத் தின்றது.
எங்கள் உறைக்குள் இருந்தது:
ஆயிரம் துண்டில் நாலு.
அதற்கு ஒரு பெயரும் இருந்தது,
ஓர் எழுத்து, மூன்று இலக்கம், இன்னோர் எழுத்து,
லொறி நம்பர் மாதிரி.

அகப்பட்டுவிட்டது!
நோய் இருக்கிறது என்று தாளில் கண்டு
மனைவிக்கு முன்னால் பல்லைக் காட்டி நின்றேன்.
அந்த வெட்கம் இன்னும் கழுவுப்படவில்லை.

இதற்குக் குளிசை இருக்கு என்றார் டொக்டர்.
எவ்வளவு காலத்துக்கு என்று அவர் சொல்லவில்லை.
பிலோமி கேட்டது விலையை மட்டும்.
தொகையைக் கேட்டதும் கொஞ்ச நேரம்
ஜன்னலால் கடலைப் பார்த்தாள்.

மூன்று மாதத்தில் அடுத்த இரத்தம்.
வெறும் பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்தவள்
என் கைமயிரில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் கிள்ளினாள்.
"நீங்க கொழும்புக்கு ஏத்தின சாமானில
ஐஸ் இல்லாமக் கெடாமப் போய்ச் சேர்ந்தது
நான் மட்டுந்தான்" என்றாள்.